போக்குவரத்து மாறினால் புகையும் மாறும்
முகப்பேர் வணிகர்கள் அறிய வேண்டியவை



கடை வாடகை, மின் கட்டணம், வரி, இறக்குகூலி, தராசு முத்திரைக் கட்டணம் என்று நம் தொழிலுக்கு ஆகும் செலவுகளை எல்லாம் நாம் கணக்கில் எழுதி வருகிறோம். கணக்கில் ஏறாத செலவு ஒன்றும் இருக்கிறது. கடை வாசலில் நாள் முழுவதும் நாம் சுவாசிக்கும் காற்றுதான் அது. வாடிக்கையாளர் நம் கடையில் நிற்பது பத்து நிமிடம். காலை 6 மணிக்குக் கதவைத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும் மளிகைக் கடைக்காரர் சாலையைப் பார்த்தபடி 16 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருடன் வேலை செய்யும் பையன்களும் அப்படியே. சாலைப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் யார் என்று கேட்டால், போக்குவரத்துக் காவலரையும் ஆட்டோ ஓட்டுநரையும் அடுத்து நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

'வண்டி கூடினால் புகை கூடும், வண்டி குறைந்தால் புகை குறையும், இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. வண்டிகளின் எண்ணிக்கை மாறாமலே ஒரு தெருவின் புகை இரட்டிப்பாகலாம், பாதியாகவும் ஆகலாம். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா, எந்த நேரத்தில் வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பவை எண்ணிக்கைக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. இவற்றில் சில அரசின் கையில் இருக்கின்றன. சில நம் கையிலேயே இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

புகையில் என்ன இருக்கிறது?

வண்டிப் புகையில் மூன்று பொருள்களை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் சரியாக எரியாதபோது அதிகம் வரும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் தரும்.

இரண்டாவது, நைட்ரஜன் டை ஆக்சைடு. டீசல் வண்டிகள் இதை அதிகம் வெளியிடுகின்றன. மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பகை.

மூன்றாவது, நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போகும். இரத்தத்திலும் கலக்கும். 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இவை இருக்கக் கூடாது என்று 2009-ல் வெளியான நம் நாட்டுத் தர அளவு கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவோ வெறும் 15 மைக்ரோகிராம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் திட்டவட்டமாக அறிவித்ததையும் மறக்கக் கூடாது.

புகைக்குழாயிலிருந்து வருவது மட்டுமே மாசு அல்ல. டயர் தேய்ந்து வரும் தூள், பிரேக் தேய்ந்து வரும் தூள், சாலை ஓரத்தில் படிந்து ஒவ்வொரு லாரி போகும்போதும் மேலே கிளம்பும் மண் இவையும் சேர்ந்ததே சாலைக் காற்று. அரிசி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் வாயைத் திறந்து வாசலில் வைத்திருக்கும் கடைகளில் மாலையில் தட்டிப் பார்த்தால் கையில் ஒட்டுவது இதுதான்.

சாலைப் புகையின் வேகம் தூரத்தில் குறையும். பெரிய சாலையின் ஓரத்திலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை உள்ள பகுதியே போக்குவரத்துப் புகையால் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று அமெரிக்காவின் சுகாதார விளைவுகள் ஆய்வு நிறுவனம் 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. கடை என்பது சாலை முகப்பில்தான் இருக்கும். ஆகவே புகை மிகுதியாக இருக்கும் முதல் சில மீட்டரில் நாம் அமர்ந்திருக்கிறோம். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம் முதலிய இடங்களில் தொடர் காற்றுத்தர அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. நமக்கு அருகில் இருப்பது அரும்பாக்கம். அந்த நிலையம் காட்டும் எண் அந்த வட்டாரத்தின் காற்றைக் குறிக்கிறது. லாரி நிற்கும் நம் கடை வாசலின் காற்று அதைவிட மோசமாக இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இடம் மாறிய போக்குவரத்து

போக்குவரத்து இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. கொத்தவால் சாவடியிலிருந்த காய்கறி மொத்த வணிகம் 1996-ல் கோயம்பேட்டுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனின் குறுகிய சந்துகளில் இரவெல்லாம் முண்டியடித்த லாரிகள், 295 ஏக்கரில் அமைந்த புதிய வளாகத்துக்கு வரத் தொடங்கின. வடசென்னைச் சந்துகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் லாரிகள் மறைந்து போகவில்லை. நூறடிச் சாலைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் வந்து சேர்ந்தன. 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்து நிலையமும் கோயம்பேட்டில் திறக்கப்பட்டது. வீட்டுவசதி வாரியத்தின் அமைதியான குடியிருப்பாக வளர்ந்த முகப்பேர், நகரின் இரண்டு பெரிய போக்குவரத்து மையங்களுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடித் தொழிற்சாலைகளும் ஏற்கெனவே இருந்தன.

நமக்கு இதில் லாபம் இல்லாமல் இல்லை. கோயம்பேடு அருகில் இருப்பதால் சரக்குக்கு வாடகை குறைந்தது, காய்கறி வாடாமல் வந்தது. ஆனால் புகையும் அதே வழியில் வந்தது என்பதே நாம் சொல்ல வருவது.

அடுத்த மாற்றம் சென்னை புறவழிச் சாலை. தாம்பரத்திலிருந்து மதுரவாயல் வரையிலும், பின்னர் மதுரவாயலிலிருந்து நொளம்பூர், அம்பத்தூர் வழியாக மாதவரம் பக்கம் வரையிலும் அமைந்த இந்தச் சாலை, கொல்கத்தா நெடுஞ்சாலைக்கும் பெங்களூர், திருச்சி நெடுஞ்சாலைகளுக்கும் இடையே ஓடும் லாரிகளை நூறடிச் சாலைக்குள் வராமல் வெளியே திருப்பியது. நகருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு இது நன்மை. முகப்பேர் மேற்கிலும் நொளம்பூரிலும் இருப்பவர்களுக்கோ அந்த 'வெளியே' என்பது சொந்த வாசல். நூறடிச் சாலையில் குறைந்த டீசல் புகை புறவழிச் சாலையின் இரு பக்கமும் புதிதாகக் கூடியது.

மூன்றாவது மாற்றம் அண்மையில் நடந்தது. கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென்மாவட்டங்களுக்குச் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. அதற்கு முன்பே, 2018-ல், ஆந்திரம் செல்லும் பேருந்துகளுக்கென மாதவரத்தில் நிலையம் வந்தது. கோயம்பேட்டிலிருந்து இத்தனை டீசல் பேருந்துகள் விலகியது நம் வட்டாரக் காற்றுக்கு நல்லதே. ஆனால் பயணிகள் கிளாம்பாக்கம் போய்ச் சேர மாநகரப் பேருந்து, ரயில், ஆட்டோ, கார் என்று வேறு வண்டிகளில் செல்கிறார்கள். அந்தப் பயணம் எதில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே நகரத்தின் மொத்தப் புகை குறையுமா கூடுமா என்பது அமையும். இடம் மாற்றுவது மட்டும் புகையைக் குறைக்காது. ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குக் கொண்டு போகும்.

வண்டி நின்றால் வரும் புகை

ஒரே லாரி, ஒரே தூரம். தடையில்லாமல் ஒரே வேகத்தில் போனால் வெளிவரும் புகை ஓர் அளவு. நின்று, கிளம்பி, மீண்டும் நின்று ஊர்ந்து போனால் வெளிவருவது அதைவிடப் பல மடங்கு. நிற்கும்போது தூரம் ஓடாமலே எரிபொருள் எரிகிறது. நின்ற நிலையிலிருந்து சரக்கோடு கிளம்பும்போது டீசல் இயந்திரம் கரும்புகையைக் கக்குகிறது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் கிடைத்தது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்காமல் மின்னணு முறையில் கட்டணம் செலுத்தும் வசதி வந்தது. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதும், சற்றுத் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிட, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தன என்று 2011-ல் வெளியான ஆய்வு கண்டது. அங்கே வண்டிகள் சாலையிலிருந்து அகற்றப்படவில்லை. வரிசையில் நிற்பது மட்டுமே குறைந்தது.

நமக்கு அருகில் புறவழிச் சாலையில் வானகரத்திலும் சூரப்பட்டிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமான போது அதைப் பண விவகாரமாக மட்டுமே நாம் பார்த்தோம். வரிசை குறைந்தால் பக்கத்து ஊருக்கு மூச்சு கிடைக்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. 2021 நவம்பர் 1-ல் திறக்கப்பட்ட கோயம்பேடு மேம்பாலத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். சிக்னலில் நிற்கும் நேரம் குறைந்தால் புகை குறையும். அதே சமயம், வழி எளிதானது என்று புதிய வண்டிகள் வந்து நிறைந்தால் சில ஆண்டுகளில் அந்த நன்மை கரைந்துவிடும் என்பதும் உலகமெங்கும் கண்ட அனுபவம்.

ஊரடங்கு கற்றுத் தந்தது

2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கை மளிகை வணிகர்கள் மறக்க மாட்டோம். எல்லோரும் வீட்டில் இருந்தபோது, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கடை திறந்து மக்களுக்குப் பொருள் வழங்கியவர்கள் நாம். அந்த நாட்களில் சாலை வெறிச்சோடியது. வானம் தெளிந்தது. நாட்டின் பல நகரங்களிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவு பெரிதும் இறங்கியதைத் தரை நிலையங்களும் செயற்கைக்கோள்களும் பதிவு செய்தன. தில்லியில் அந்த வாயுவும் நுண்துகளும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு வாகனமே பெரிய காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இரண்டு, வண்டியே ஓடாத நாட்களிலும் நுண்துகள் முழுவதும் மறைந்துவிடவில்லை. அடுப்புப் புகை, குப்பை எரிப்பு, தொழிற்சாலை, மின் நிலையம் எல்லாம் அதற்குப் பங்களிக்கின்றன. போகிப் பண்டிகையை எண்ணிப் பாருங்கள். 2018 ஜனவரி 13-ல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே நிறுத்தின. அன்று குற்றவாளி லாரி அல்ல.

அதே ஊரடங்கில் இன்னொன்றும் நடந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுக் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு மீண்டும் காய்கறிக்குத் திறந்தது. அந்த மாதங்களில் முகப்பேர் கடைக்கு வரும் தக்காளி பூந்தமல்லிக்கு அப்பாலிருந்து வந்தது. சந்தை விலகிய இடத்தில் லாரி குறைந்தது. ஒவ்வொரு சில்லறைக் கடைக்காரரின் சின்ன வண்டியும் கூடுதல் கிலோமீட்டர் ஓடியது. மொத்த சந்தையை நகருக்கு வெளியே தள்ளுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காற்றைக் கணக்கிடுவதில் அவசரம் கூடாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, கார்களைக் குறைத்துப் பேருந்துகளைக் கூட்டினார்கள். காலை நெரிசல் நேர வண்டிகள் 22.5 சதவீதம் குறைந்தன. காற்றில் ஓசோன் அளவு 28 சதவீதம் குறைந்தது. குழந்தைகளின் ஆஸ்துமா சிகிச்சைகளும் குறைந்தன என்று 2001-ல் ஆய்வு வந்தபோது உலகமே பாராட்டியது. ஆனால் 2010-ல் வந்த மறு ஆய்வு, ஒலிம்பிக் நடக்காத பக்கத்து நகரங்களிலும் அதே நாட்களில் ஓசோன் குறைந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. வானிலைக்கும் அதில் பங்கு இருந்தது. மழை மாத விற்பனையைத் தீபாவளி மாதத்தோடு ஒப்பிட்டு 'வியாபாரம் படுத்துவிட்டது' என்று நாம் சொல்வதில்லை அல்லவா? காற்றும் அப்படியே. சென்னையில் பகலில் கடல் காற்று வீசினால் புகை கலைந்து போகும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கும்போது அதே அளவு புகையும் கலையாமல் நிற்கும்.

வண்டி மாறினால்

எண்ணிக்கை குறையாமலே புகை குறைய வேறு வழி, வண்டியும் எரிபொருளும் மாறுவது. இதில் நம் நாடு செய்திருப்பது சிறிதல்ல. 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு சாலையோரத் தூசியில் ஈயமும் கலந்து, வாசலில் திறந்து வைத்த தின்பண்டத்தின் மீதும் படிந்து வந்தது.

தில்லியில் பேருந்துகளையும் ஆட்டோக்களையும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998-ல் ஆணையிட்டது. 2002 இறுதிக்குள் பேருந்துகள் மாறி முடிந்தன. தலைநகரின் காற்று தெளிந்தது. ஆனால் பின்னர் கார்களும் லாரிகளும் பெருகியதால் அந்தப் பயன் நிலைக்கவில்லை. வண்டி மாற்றமும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது தில்லி தந்த பாடம்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 தரம் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் வெளியிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட துகள் அளவு, பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. ஆகவே சரக்கு ஏற்றி வரும் வண்டி புதியதா, பதினைந்து ஆண்டுப் பழையதா என்பது நம் வாசல் காற்றைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை ஓடவிட்டது. சின்னச் சரக்கு ஆட்டோக்களிலும் மின்சார வண்டிகள் வந்துவிட்டன. தினமும் குறைந்த தூரமே ஓடும் மளிகை விநியோகத்துக்கு அவை பொருந்தும்.

வியாபாரம் பாதிக்குமா?

நம் வணிகர்கள் அஞ்சுவது இதற்குத்தான். 'வண்டி நிறுத்தக் கூடாது என்றால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? லோடு இறக்க நேரம் குறித்தால் சரக்கு எப்படி வரும்?' இந்த அச்சம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் பேசுவோர் கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, வண்டிகளுக்கு இடத்தைக் குறைத்து 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனம் நிறுத்த இடம் போய்விடுமே என்ற கவலை அங்குள்ள வணிகர்களுக்கும் இருந்தது. அருகில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தகத்தை மாநகராட்சி கட்டியது. நிறுத்தகம் முதலில், கட்டுப்பாடு பிறகு என்று வரிசை அமைவதே வணிகருக்கு ஏற்றது. முகப்பேருக்கு ஏதேனும் திட்டம் வந்தால் நாம் வற்புறுத்த வேண்டியது இந்த வரிசையைத்தான்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தில்லியே சாட்சி. அங்கே காற்று கெட்டுப்போன பிறகு, 2015 நவம்பர் 1 முதல் நகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம் விதிக்கப்பட்டது. இலகு ரக வண்டிக்கு 700 ரூபாய், பெரிய லாரிக்கு 1300 ரூபாய். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை இரட்டிப்பாக்கி 1400, 2600 என்று உயர்த்தியது. லண்டனில் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழைய நாளுக்கு 5 பவுன் என்று தொடங்கிய கட்டணம் பின்னர் பல முறை உயர்ந்தது. 2019 ஏப்ரலில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குத் தனிக் கட்டணமும் வந்தது. லாரியின் மீது விதிக்கும் கட்டணம் வாடகையில் ஏறும். வாடகை சரக்கின் விலையில் ஏறும். விலை ஏறினால் போட்டியில் முதலில் அடிபடுவது சிறு வணிகர். நாமே ஒழுங்கு செய்துகொண்டால் செலவு சிறிது. நீதிமன்றமும் அரசும் வந்து ஒழுங்கு செய்யும் நிலை வந்தால் செலவு பெரிது.

நம் கையில் உள்ள கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு தெருவை எண்ணிக்கொள்வோம். 20 கடைகள். ஒவ்வொரு கடைக்கும் நாளுக்கு மூன்று வண்டி: ஒன்று மளிகை, ஒன்று பால் அல்லது குளிர்பானம், ஒன்று பிஸ்கட், சோப்பு போன்ற கம்பெனிச் சரக்கு. ஒவ்வொன்றும் இறக்கும்போது இயந்திரத்தை அணைக்காமல் 10 நிமிடம் நிற்கிறது. 20 கடை, 3 வண்டி, 10 நிமிடம்: மொத்தம் 600 நிமிடம். அதாவது அந்தத் தெருவில் ஒரு டீசல் இயந்திரம் தினமும் 10 மணி நேரம் சும்மா ஓடுவதற்குச் சமம். இதில் ஒரு பைசா வியாபாரம் இல்லை. இயந்திரத்தை அணைத்தால் ஒரு மூட்டைகூடக் குறையப் போவதில்லை. எரிகிற டீசலின் காசும் சுற்றி வளைத்து நம் தலையில்தான் விழுகிறது.

இந்தப் 10 மணி நேரம் எப்போது நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலை 8 மணி முதல் 9.30 வரை பள்ளி வேன்களும், அலுவலகம் போகும் இரு சக்கர வண்டிகளும் தெருவில் நிறைந்திருக்கும். அதே நேரத்தில் பாதிச் சாலையை அடைத்து ஒரு லாரி நின்றால், அதன் புகை மட்டுமல்ல, அதன் பின்னால் ஊரும் ஐம்பது வண்டிகளின் புகையும் நம் வாசலுக்கே வரும். அந்தப் புகையைக் குடிப்பது பள்ளிப் பிள்ளைகளும் நாமும்.

ஆகவே உறுப்பினர்கள் பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

1. லோடு இறக்கும்போது இயந்திரத்தை அணைக்கச் சொல்வோம். ஓட்டுநரிடம் சண்டை வேண்டாம். 'தம்பி, வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறக்குப்பா' என்ற ஒரு சொல் போதும். எல்லாக் கடையிலும் இதையே சொன்னால் அது வழக்கமாகிவிடும்.

2. காலை 8 முதல் 9.30 வரை லாரி வேண்டாம் என்று தெருவாரியாகப் பேசி முடிவு செய்வோம். விடியலில் கடை திறக்க ஆள் இல்லாத சிறு கடைகளுக்குக் காலை 10 மணிக்கு மேல் ஏற்றது. கனரக வண்டிகளுக்கு நகரச் சாலைகளில் ஏற்கெனவே உள்ள நேரக் கட்டுப்பாட்டையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. கோயம்பேட்டிலிருந்தோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்தோ சரக்கு எடுக்கும்போது, பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டி பிடிக்கலாம். ஐந்து குட்டி யானை வரும் இடத்தில் ஒரு லாரி வரும். வாடகையும் பகிர்ந்துகொள்ளப்படும். யார் எந்தக் கடையில் சரக்கு எடுக்கிறார் என்பது பக்கத்துக் கடைக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குவோரும் உண்டு. மூட்டை எண்ணையும் கடைப் பெயரையும் மட்டும் எழுதி லாரிக்காரரிடம் கொடுத்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

4. அரை கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு மிதிவண்டி, மீன்பாடி வண்டி போதும். புதிய சரக்கு ஆட்டோ வாங்க நினைப்பவர்கள் மின்சார வண்டியின் விலையை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டு டீசல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கவும்.

5. காலையில் வாசலைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம் பாட்டிமார் செய்த வழக்கத்துக்குப் பின்னால் காரணம் இருந்தது. வறண்ட தூசியைப் பெருக்கினால் அது நேரே மூக்குக்கும் மூட்டைக்கும் போகும்.

6. அட்டைப் பெட்டியையும் சாக்கையும் பாலிதீனையும் கடை ஓரத்தில் எரிக்கக் கூடாது. லாரியைக் குறை சொல்லும் வாய், குப்பையைக் கொளுத்தக் கூடாது. அட்டைக்கு விலை உண்டு, பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கலாம்.

7. திறந்த மூட்டைகளைச் சாலைப் பக்கமிருந்து உள்ளே தள்ளி வைத்து, மூடியோ கண்ணாடியோ போட வேண்டும். காற்று கெட்டாலும் சரக்கு கெடாமல் இருக்கும். வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் கடைத்தெருக்களில் சரக்கு இறக்குவதற்கென்று கோடிட்ட இடம் வேண்டும். ஒரு தெருவில் நான்கு இடம் இருந்தால் போதும், நடுச்சாலையில் லாரி நிற்க வேண்டியதில்லை. புறவழிச் சாலையின் சேவைச் சாலைகளில் படிந்த மண்ணை முறையாக அள்ள வேண்டும். சாலையைத் தோண்டினால் உடனே மூட வேண்டும். அம்பத்தூர் மண்டலத்துக்குள் கடைத்தெருக் காற்றைக் காட்டும் அளவீட்டு நிலையம் ஒன்று அமைந்தால், எந்த மாற்றத்தால் என்ன பயன் என்பதை ஊகிக்காமல் எண்ணைப் பார்த்துப் பேசலாம். எடை போடாமல் சரக்கு விற்பவர்கள் நாம் அல்லவே!

கோயம்பேடு வந்ததும், புறவழிச் சாலை வந்ததும், கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து போனதும் நம்மைக் கேட்டு நடந்தவை அல்ல. அவற்றின் நன்மையும் தீமையும் நம் வாசலுக்கு வந்தன. ஆனால் நம் வாசலில் நிற்கும் வண்டி நம் சரக்கை ஏற்றி வந்த வண்டி. அதை எப்போது வரச் சொல்வது, எப்படி நிற்கச் சொல்வது என்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தங்கள் தெருவில் ஒரு நாளில் எத்தனை வண்டி எத்தனை நிமிடம் இயந்திரம் ஓடியபடி நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்து வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நாள் வேலைதான்.